டிரம்முக்குள் இருந்து ஒரு குளோசப்

என் அம்மா வாஷிங் மெஷின்களோடு பேசுவார். கெட்டுப்போன மெஷின்களோடு மட்டும்தான். நன்றாக ஓடுகிற மெஷினோடு அவருக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது.

"என்ன ராஜா, எங்க வலிக்குது?" என்பார். பிறகு நாக்கு நுனியை உதட்டோரம் நீட்டிக்கொண்டு உள்ளே குனிவார். எங்கள் வீட்டின் முன்னறைதான் அவருடைய பட்டறை.

இதை வகுப்பில் சொன்னபோது கேள்விமூட்டை நம்பவில்லை. ஓயாமல் கேள்வி கேட்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

"உங்க அம்மாவா ரிப்பேர் பண்றாங்க? நிஜமாவா? சும்மா கதை விடாதே!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இரு, படமா எடுத்தே காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன்.

நல்லவேளை, அந்த வாரம் டீச்சர் கொடுத்த வேலையும் அதுதான். தெரிந்தவர் ஒருவர் வேலை செய்வதை மூன்று நிமிடப் படமாக எடுக்க வேண்டும்.

"தூரத்திலேருந்து ஒரு ஷாட், கீழேருந்து ஒண்ணு, மேலேருந்து ஒண்ணு. கடைசியில முகம் மட்டும் தெரியற குளோசப். அதுல அவங்க நடிக்கக் கூடாது, அவங்களாவே இருக்கணும்" என்றார் டீச்சர். வெள்ளிக்கிழமை மாலை, பெற்றோர் முன்னால் எல்லாப் படங்களையும் போடுவார்களாம்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் அம்மாவின் போனை வாங்கிக்கொண்டு பட்டறைக்குள் நுழைந்தேன்.

முதலில் தூரத்து ஷாட். வாசலில் நின்று மொத்தப் பட்டறையையும் எடுத்தேன். ஏழு மெஷின்கள் வரிசையாக நின்றன. அவற்றின் நடுவே கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு அம்மா எட்டாவது மெஷினாக நின்றார்.

"அம்மா, கொஞ்சம் அசையேன்!"

"எந்தப் பக்கம்?"

அந்த ஷாட்டை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்து, தரையில் மல்லாந்து படுத்து எடுத்தேன். கீழேயிருந்து எடுத்தால் ஆள் கம்பீரமாகத் தெரிவார் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அம்மாவின் மூக்குத் துவாரங்கள்தான் கம்பீரமாகத் தெரிந்தன. ஸ்டூலில் ஏறி மேலேயிருந்து எடுத்தேன். வீட்டுப்பாடம் எழுதாமல் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி அண்ணாந்து பார்த்தார்.

குளோசப்புக்காகப் பக்கத்தில் போனேனோ இல்லையோ, முகம் அப்படியே விறைத்துவிட்டது. கண் சிமிட்டவில்லை. மூச்சு விட்டாரா என்பதே சந்தேகம்.

"அம்மா! இது அடையாள அட்டைக்கு எடுக்கற போட்டோ இல்லம்மா!"

அம்மா பெருமூச்சு விட்டார். "எனக்கு இதெல்லாம் வராது கண்ணு. கேமராவைப் பார்த்தாலே கை கால் ஓட மாட்டேங்குது. பக்கத்து ரொட்டிக் கடைக்காரரை எடேன். எப்பப் பார்த்தாலும் சிரிச்ச முகம்."

ரொட்டிக் கடைக்காரர் நல்லவர்தான். ஆனால் அவர் என் அம்மா இல்லையே! நாளைக்குக் கேள்விமூட்டை, "பார்த்தியா, நான் அப்பவே சொல்லல?" என்பான்.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். எதிரே ஒரு மெஷின் கதவைத் திறந்துகொண்டு நின்றது. அம்மா அடுத்துப் பார்க்க வேண்டிய மெஷின்.

அப்போதுதான் பளிச்சென்று தோன்றியது. அம்மா தன்னை மறந்து பேசுவது யாரோடு? மெஷினோடு. அப்படியானால் அந்த முகத்தை நேருக்கு நேர் பார்ப்பதும் மெஷின்தானே!

"அம்மா, இதோட ப்ளக்கைப் பிடுங்கியாச்சா?"

"பிடுங்காம நான் எதையாவது திறந்திருக்கேனா?"

போனில் வீடியோவை ஓடவிட்டு, மெஷினுக்குள் துணி சுற்றுகிற டிரம்மின் பின்சுவரில், நட்டநடுவில், வெளியே பார்த்தபடி டேப் போட்டு ஒட்டினேன். வெளிச்சத்துக்கு ஒரு குட்டி டார்ச்சையும் பக்கத்தில் ஒட்டினேன்.

"போன் உள்ள இருக்கும்மா. நீ பாட்டுக்கு வேலையைப் பாரு. உனக்குப் பிடிக்கலேன்னா அழிச்சிடறேன்."

"உள்ளயா?" அம்மா மறுபடியும் விறைத்தார்.

கையை விட்டு டிரம்மை ஒரு சுற்று சுற்றினேன்.

கடக்... கடக்...

அம்மாவின் புருவம் ஏறியது. எனக்குத் தெரியாதா? சாப்பாடு ஆறிப்போனாலும் சரி, இப்படி ஒரு சத்தம் கேட்டால் அம்மாவால் சும்மா இருக்க முடியாது.

"இரு, இரு. இன்னொரு தடவை சுத்து."

கடக்... கடக்...

அம்மா முட்டிபோட்டு உள்ளே குனிந்தார். நாக்கு நுனி வெளியே வந்தது. "என்ன ராஜா, எதை முழுங்கின? அம்மாகிட்ட சொல்லு..." கதவோரத்து ரப்பர் வளையத்தின் மடிப்பில் விரலை விட்டுத் துழாவினார். "ம்... வந்துட்டேன், வந்துட்டேன்... அகப்பட்டியா திருடா!"

ஒரு பெரிய கோட்டுப் பொத்தான்!

போனைப் பிரித்து எடுத்துப் பார்த்தபோது எனக்குப் பகீரென்றது. டிரம்மோடு போனும் சேர்ந்து சுற்றியிருக்கிறது! படத்தில் அம்மா தலைகீழாகப் போய், மறுபடி நிமிர்ந்தார். இன்னொரு தடவையும் அப்படியே. அதற்கப்புறம்தான் வட்டமான கதவு நிறைய அம்மாவின் முகம் வந்தது. நாக்கு, புருவம், திருடனைப் பிடித்த சிரிப்பு, எல்லாம் இருந்தன. நான் தினமும் பார்க்கிற அதே அம்மா.

அம்மா அதை மூன்று முறை பார்த்தார்.

"ஐயோ, பல்லெல்லாம் தெரியுதே!"

"அழிச்சிடவாம்மா?"

"யாரு அழிக்கச் சொன்னா?" அம்மா போனைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள் மாலை அம்மா வகுப்பில் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தார். எழுந்து ஓட வசதியாக இருக்குமாம்.

எட்டாவது மெஷினைப் பார்த்ததும் டீச்சரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மாவின் முகம் சுற்றியபோது வகுப்பு மொத்தமும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது. "அகப்பட்டியா திருடா!" என்றதும் ஒரே கைதட்டல். எனக்கு அவ்வளவு பெருமை! திரும்பிப் பார்த்தேன். அம்மா ஓடவில்லை.

கேள்விமூட்டைதான் அவரிடம் ஓடினான். "ஆன்ட்டி, அந்தப் பொத்தான் யாரோடது? அது எப்படி அங்க போச்சு? எங்க வீட்டு மெஷினும் இப்படித்தான் கத்துது, வந்து பார்க்கறீங்களா?"

"நாளைக்குக் காலையில வரேன்பா" என்றார் அம்மா.

சனிக்கிழமை நானும் கூடப் போனேன். கேள்விமூட்டை வீட்டு மெஷினின் முன்னால் அம்மா முட்டிபோட்டுக் கதவைத் திறந்தார். குனியப் போனவர் சட்டென்று நின்றார். முகத்தைத் துடைத்தார். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டார்.

"உள்ள யாராவது படம் எடுக்கறீங்களா?" என்று கேட்டுவிட்டு, நாக்கை நீட்டிக்கொண்டு தலையை உள்ளே விட்டார்.