எல்லைக்கல்லில் வைத்த வைக்கோல் வீரன்

நோபுயேவும் அவள் கொழுந்தன் மசுஸோவும் எல்லைக்கல்லை அடைந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவள் தோளில் வைக்கோல் குதிரை, அதன்மேல் வைக்கோல் வீரன். மசுஸோவிடம் தீப்பந்தமும் சேகண்டியும். முன்பெல்லாம் ஊரே திரண்டு வரும். இப்போது ஊரில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான்.

மூன்று முறை மருந்தடித்தாயிற்று. வெட்டுக்கிளிகள் குளித்துவிட்டு வந்ததுபோல் மறுபடி பயிரில் உட்கார்ந்தன. நோபுயேவுக்கு அழுகை அழுகையாக வந்தது, எரிச்சலில். இந்த விளைச்சலும் போனால் ஒசாகாவுக்கு வந்துவிடுகிறேன் என்று மகனிடம் சொல்லித் தொலைத்திருந்தாள். அங்கே பத்தாவது மாடியில் ஒரு மூலை காத்திருந்தது.

எந்தக் காலத்திலோ நெல் தாளில் கால் தடுக்கி விழுந்து வெட்டுப்பட்டுச் செத்த வீரன், அந்தக் கோபத்தில் வெட்டுக்கிளியாகி நெல்லைத் தின்கிறானாம். சேகண்டி தட்டி அவனை எல்லையில் கொண்டுபோய் வைத்தால், பக்கத்து ஊரார் எடுத்து அடுத்த ஊருக்கு அனுப்புவார்கள். கைமாறிக் கைமாறிக் கடலில் போய்ச் சேருவான். வைத்தவுடன் சேகண்டியை நிறுத்திவிட வேண்டும். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடக்க வேண்டும்.

வைத்தார்கள். நிறுத்தினார்கள். நடந்தார்கள்.

பின்னால், பக்கத்து ஊர்ப் பக்கமிருந்து, சேகண்டி கேட்டது.

“அப்பாடா, எடுத்துட்டாங்க,” என்றாள் நோபுயே.

மசுஸோ பந்தத்தைத் தாழ்த்தினான்.

“அண்ணி, அங்கதான் யாரும் இல்லியே. கடைசிக் கிழவியும் பனிக்காலத்துலயே போயிட்டாளே.”

அவளுக்கும் தெரியும். சாவுக்கே போய் வந்தவள். இத்தனை வருஷப் பழக்கத்தில் கால்கள் தாமாக இங்கே வந்து நின்றிருக்கின்றன. எடுத்துப் போக ஆளில்லாத ஊரின் வாசலில் அவனை வைத்துவிட்டு வருகிறோமே, புத்தி எங்கே போயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

“அப்ப தட்டுறது யாரு?” என்றாள், மெதுவாக.

மசுஸோ நடையை எட்டிப் போட்டான்.

சத்தம் தூரப் போகவில்லை. நெருங்கி வந்தது.

நசுங்கிய பச்சை நெல்லின் வாடை பின்கழுத்தில் அடித்தது. ஆயிரம் வாய்கள் மெல்லும் சத்தம்.

இருவரும் திரும்பாமலே ஓடினார்கள்.

காலையில் வயலில் தாள் மட்டும் நின்றது. பால் பிடித்திருந்த கதிர் ஒன்றுகூட மிச்சமில்லை. நட்ட நடுவில் வைக்கோல் வீரன், அவள் வீட்டைப் பார்த்தபடி. காய்ந்த வைக்கோல் குதிரையின் வாயில் பச்சைக் கதிர் ஒன்று தொங்கியது.

நோபுயே வரப்பில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். ஒரு வருஷப் பாடு. யாரைப் போய்க் கேட்பது?

அன்று மாலையே துணிமூட்டையோடு மசுஸோவின் சின்ன லாரியில் ஏறினாள். நான் மட்டும் தனியாக இருந்து என்ன செய்ய என்று அவனும் தன் மூட்டையைப் பின்னால் போட்டிருந்தான். பொம்மையை யாரும் தொடவில்லை. அது வயலிலேயே நின்றது.

வண்டி தெருமுனை திரும்பியதும் சேகண்டி ஒலித்தது. இந்தமுறை அவர்கள் ஊருக்குள்ளிருந்து.

“திரும்பிப் பாக்காதீங்க அண்ணி,” என்றான் மசுஸோ.

சத்தம் வண்டியோடு கூடவே வந்தது, வேகமும் இல்லை, தாமதமும் இல்லை. நோபுயே மூட்டையை இறுக்கிக்கொண்டாள்.

எல்லைக்கல்லைத் தாண்டியதும் சேகண்டி நின்றது.

பொம்மையை எல்லையில் வைத்தவுடன் அவர்களும் அப்படித்தான் நிறுத்துவார்கள்.