மூன்றாம் நம்பர் வயர்

பழனி ரோட்டு ஆஸ்பத்திரிக்கு ஈஸ்வர் போய்ச் சேர்ந்தபோது காலை மணி பதினொன்று. பூட்டிக் கிடந்த வார்டை மறுபடி திறக்கிறார்கள். மூன்றாவது கேமராவை மட்டும் புதிதாக மாட்ட வேண்டும். அரை மணி நேர வேலை.

வார்டு ஆயா அய்யம்மாள் பூட்டைத் திறந்துவிட்டாள்.

"வா அப்பு. ரெண்டு வருசமா இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கல. நாளைக்குக் கோர்ட்டுல சாட்சியாமே?"

அவன் ஏணியை உள்ளே இழுத்தான். பினாயில் வாடைக்குக் கீழே வேறு ஏதோ வாடை இருந்தது.

இந்த வார்டுக்கு வயர் இழுத்தது அவனும், கூட வேலை பார்த்த யோகேஷும். வயரைச் சுவரில் ஒரு பெட்டியில் முடித்து, அங்கிருந்து கேமராவுக்குத் துண்டு வயர் கொடுப்பதுதான் முறை. பெட்டி கை எட்டும் உயரத்தில் இருக்கும். பழுது பார்க்க மேலே ஏற வேண்டாம். ஈஸ்வர்தான் அவசரத்தில் பெட்டி வேண்டாமென்றான். கூரைக்குக் கீழே பலகை அடித்த பொய்க்கூரைக்குள்ளேயே வயர் நுனியில் பிளக் அடித்து நேராகக் கேமராவில் செருகினார்கள். ஒரே மாதத்தில் மூன்றாவது கேமரா படுத்தது.

"உள்ள ஏறிப் பாரு, தாங்கும்" என்றான் ஈஸ்வர்.

தாங்கவில்லை.

யோகேஷ் தானாக ஏறி விழுந்து செத்தான் என்று ஈஸ்வர் போலீசில் எழுதிக் கொடுத்தான். அந்தச் சொல் நின்றால் யோகேஷின் மனைவி ஜீவிதா போட்ட நஷ்டஈட்டு வழக்கு நிற்காது.

வயர்களெல்லாம் வந்து சேரும் ரேக் அறையில் மூன்றாம் நம்பர் வயரைத் தேடி எடுத்தான். நோயாளிகள் தூங்கும் இடத்தில் அவனும் யோகேஷும் கத்திப் பேசுவதில்லை. இந்த முனையில் இருப்பவன் வயரை ஒரு முறை இழுப்பான்: சரியா? அந்த முனையில் இருப்பவன் இரண்டு முறை இழுப்பான்: சரி.

பழக்கத்தில் கை ஒரு முறை இழுத்துவிட்டது.

வயர் இரண்டு முறை இழுபட்டது.

"அக்கா, வயரத் தொட்டீங்களா?"

"நான் எங்கிட்டுத் தொட? வாசல்லயில்ல உக்காந்திருக்கேன். எலியா இருக்கும். எலிக்குப் போயி இம்புட்டு வேர்க்குது உனக்கு!"

வார்டுக்குப் போய் ஏணியில் ஏறினான். பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டான். வெக்கை. தூசி. இருட்டு.

கிராம்பு வாடை.

யோகேஷுக்குச் சொத்தைப் பல். எப்போதும் கிராம்பை அடக்கியிருப்பான்.

அவன் விழுந்த அன்று வயரும் அறுந்தது. அறுந்த நுனியைத் தடவினான் ஈஸ்வர். விரலில் புதுப் பிளக் இடறியது. அதன் கீழே வயரில் பல் பதிந்த தடம். எவ்வளவு திட்டினாலும் யோகேஷ் வயர்த் தோலைப் பல்லால்தான் உரிப்பான்.

தடம் ஈரமாக இருந்தது.

கீழே அய்யம்மாள் வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் அப்பு, அந்தப் பய தானாத்தான் ஏறுனானா?"

"தானாத்தான்க்கா."

உள்ளங்கை எரிய, வயர் இருட்டுக்குள் ஓடியது.

தூரத்தில் ஒரு பலகை முனகியது. பிறகு பக்கத்துப் பலகை. பிறகு அதற்கும் இந்தப் பக்கம்.

"நான்தான் ஏறச் சொன்னேன்" என்று கிசுகிசுத்தான். "நாளைக்குக் கோர்ட்டுல சொல்லிர்றேன்."

"என்ன முனங்குற?" என்றாள் அய்யம்மாள்.

சத்தம் நின்றது. வயர் மெல்ல ஊர்ந்து வந்து அவன் கையைத் தொட்டது.

கேமராவைச் செருகினான். திரையில் படம் வந்துவிட்டது என்று அய்யம்மாள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அவன் போய்ப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு சிக்னலில் நல்ல வெயில். பூக்கூடைகள், ஷேர் ஆட்டோ, ஹாரன். அவனுக்கு மூச்சு சீரானது. இருட்டுக்குள் சொன்னதை யார் கேட்டார்கள்? அய்யம்மாளுக்கே கேட்கவில்லை. எழுதிக் கொடுத்ததையே நாளைக்கும் சொன்னால் முடிந்தது.

மீதி வயர்ச் சுருள் ஸ்கூட்டரில் அவன் காலடியில் கிடந்தது. அதன் நுனி அவன் முழங்கால் மேல்.

நுனி ஒரு முறை இழுபட்டது.

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். வயர் விறைத்தபடி நின்றது, பதிலுக்குக் காத்து.