நத்தாவின் அடிச்சத்தம்

கேசட்டை வெளியே எடுத்தவுடனேயே மெல்பினுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், இனி இதைத் தொடுவதில்லை என்று அலமாரியின் அடித்தட்டில் பழைய கம்பளிக்குக் கீழே தள்ளி வைத்தபோது, நாடா முழுவதும் வலப்பக்கச் சக்கரத்தில் சுற்றிக் கிடந்தது. அது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது, ஏனென்றால் கடைசிப் பாட்டு முடிந்து பொத்தான் தானாகத் தெறித்து நிற்கும்வரை அன்று அசையாமல் உட்கார்ந்திருந்தான். இப்போது நாடா இரண்டு சக்கரத்திலும் பாதிப்பாதியாக இருந்தது. வீட்டில் அவனும் அம்மா ரீத்தாவும்தான். அம்மாவோ ரேடியோவில் ஜெபம் கேட்க வேண்டுமென்றால்கூட, திருகுவதற்கு அவனைக் கூப்பிடுகிறவள். எலி உருட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கேசட்டைச் சட்டைப்பையில் போட்டான். எலிக்கு நாடா சுற்றத் தெரியாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

தொண்ணூற்றியேழில் பாறசாலைப் பக்கம் பிளாக் மெட்டல் கேட்க ஆள் இருந்தது என்று சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், மூன்று பேர் இருந்தார்கள். பொழியூரில் ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிற மெல்பின், பாறசாலை சந்திப்பில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை வைத்திருந்த ஜிஜோ, கொல்லயிலிலிருந்து தினமும் ரயிலேறித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிற ரெஜித். நார்வேக்காரர்களான அந்தக் குழுவின் பெயரை எப்படிச் சொல்வது என்று மூவருக்குமே தெரியாததால் நத்தாவ் என்று தாங்களாகவே வைத்துக்கொண்டார்கள். சினிமாப் பாட்டும் சர்ச்சுப் பாட்டும் அடுக்கிய அந்தக் கடையில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பனியையும் சாவையும் பற்றி எவனோ தொண்டை கிழியக் கத்துவதை ஒரு சொல் விளங்காமல், பனியனெல்லாம் நனைய வியர்த்துக்கொண்டு கேட்டார்கள். அந்த நாட்களில் அவர்களைவிடச் சந்தோஷமான மூன்று பேர் அந்தச் சந்திப்பில் இல்லை.

அப்படிக் கேட்டது முதல் ஆல்பத்தை. ரெஜித்தின் மாமா ஒருவர் கப்பலிலிருந்து கொண்டு வந்தது. மெல்பின் ஒரு கேசட் கொடுத்து ஜிஜோவிடம் அதைப் பதிந்து வாங்கிக்கொண்டான். ஒரு மாசத்துக்குள் ரெஜித்தின் வீட்டு டேப் அசலை மென்று தின்றுவிட்டது. அதற்குப் பிறகு மெல்பினிடம் இருந்த கேசட்தான் மூலம். மற்ற இருவரும் அதிலிருந்துதான் பதிந்துகொண்டார்கள். அந்த ஆல்பத்தில் அவர்கள் உயிரை விட்டது ஒரு விஷயத்துக்காக. இரண்டாவது பாட்டிலிருந்து, முரசுகளின் இரைச்சலுக்கெல்லாம் அடியில், பக்கத்து அறையில் யாரோ ஜெபம் சொல்வது மாதிரி ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டே இருக்கும். அடிச்சத்தம் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பேய்க்கு மந்திரம் ஓதுகிறார்கள் என்று ரெஜித் அடித்துச் சொன்னான். அதைக் கேட்டபோது மூவருக்கும் முதுகுத்தண்டில் ஓடிய குளிர் நிஜம்.

மூன்றாவது ஆல்பம் இந்த வருஷம் வந்தது. பளிங்காக இருந்தது. ஆர்கன் வாசித்தார்கள், ஒரு பெண் வேறு பாடினாள். ஜிஜோ காறித் துப்பாத குறை.

"எலே, இவனுவ பள்ளியில பூசைக்குப் பாடப் போயிட்டானுவளா? அடிச்சத்தம் எங்கே?"

ரெஜித்துக்குப் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. மெல்பின் ஒருவன்தான் புதியதற்காக வாதாடினான். மூன்றையும் ஒப்பிட்டால் இதுதான் சங்கீதம் என்றான். அசல் கேசட்டே வரவழைத்து வைத்துக்கொண்டான். கட்சி மாறிவிட்டான் என்று மற்ற இருவரும் அவனைக் கேலி செய்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டான். உண்மையில் அவனுக்கு இரண்டும் ஒன்றுதான், எதைக் கேட்டாலும் உள்ளே எதுவும் அசையவில்லை. புதியதில் அடியில் ஒன்றும் கிடையாது என்பது மட்டுமே அவனுக்கு வேண்டியிருந்தது.

காரணத்தை அவன் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணன் கிரகோரி வளைகுடாவில் மீன்பிடி லாஞ்சில் வேலை பார்த்தான். எழுத்து அவனுக்கு வராது, அதனால் கேசட்டில் பேசி அனுப்புவான். அந்த ஊர்ப் பக்கம் எல்லா வீட்டிலும் அப்படித்தான். அம்மா, பெண்டாட்டி, பக்கத்து வீடு என்று எல்லோரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டு முடித்த பிறகு அதே கேசட்டில் பதில் பேசி அனுப்புவார்கள், இல்லாவிட்டால் பாட்டுப் பதிந்துகொள்வார்கள். யாரும் அதை எடுத்துப் பத்திரப்படுத்துவதில்லை. தொண்ணூற்றிநாலு கிறிஸ்துமசுக்கு வந்த கேசட்டைத்தான் மெல்பின் ஜனவரியில் ஜிஜோவிடம் கொண்டு கொடுத்தான். பிப்ரவரியில் லாஞ்ச் கரைக்குத் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை.

அண்ணனுக்க கேசட்டைப் போடு மக்கா என்று அம்மா கேட்டபோது, டேப் தின்றுவிட்டது என்றான். அம்மா மறுபடி கேட்கவில்லை. அண்ணனுக்கான முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து, வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை என்று நினைத்து, அவன் நத்தாவைப் போட்டான். அப்போதுதான் அடிச்சத்தம் யாருடையது என்று தெரிந்தது. சரியாக அழியாமல் முரசுக்கு அடியில் கிடந்தது அண்ணனின் குரல். அழுகை வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. அன்றைக்கு மரத்தது அப்படியே நின்றுவிட்டது. ஐஸ் கட்டியைத் தூக்கினால் விரல் மரக்கும், பிறகு தேய்த்தால் சூடு திரும்பும். அவனுக்கு உள்ளே திரும்பவில்லை.

ஆடி மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு அவன் ஜிஜோவின் கடைக்குள் நுழைந்தான். முதல் ஆல்பம் இப்போது சி.டி.யாக வந்திருக்கிறது, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், மூலத்தைக் கொண்டு வா என்று ரெஜித்தான் சொல்லி அனுப்பியிருந்தான். சி.டி.யைப் போட்டார்கள். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது வந்தது. முரசு, கிதார், கத்தல். அடியில் ஒன்றுமில்லை. ஜிஜோ சத்தத்தைக் கூட்டினான், குறைத்தான், ஸ்பீக்கரில் காதை வைத்தான்.

"இதுல இல்லியேடா. அப்போ நாம இவ்வளவு நாளும் எதுக்க ரசிகனாட்டு இருந்தோம்?"

ரெஜித் மெல்பினின் கேசட்டை வாங்கிப் போட்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். கொஞ்ச நேரத்தில் அவன் முகம் மாறியது.

"இது நார்வே இல்ல. தமிழாக்கும். எவனோ அம்மேன்னு விளிக்கான்."

"அழிக்கிற ஹெட்டுல அழுக்கு இருந்திருக்கும்," என்றான் ஜிஜோ. "அப்போ பழசு அடியில கெடக்கும். மெல்பினே, இதுல முன்ன என்ன இருந்துது?"

"ஒண்ணும் இல்ல," என்றான் மெல்பின். ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டான்.

அண்ணனின் அந்தப் பேச்சு அவனுக்கு மனப்பாடம். லாஞ்சில் சோறு குழைந்துவிடுகிறது என்பான். புதுக் கம்பளி வாங்கியதைச் சொல்வான். ஈஸ்டருக்கு வாறேன் அம்மா என்பான், சிரிப்பான், பிறகு டக்கென்று பொத்தான் விழும். அவ்வளவுதான், அதற்குப் பிறகு வெறும் நாடா. சோறு வந்தது. கம்பளி வந்தது. ஈஸ்டர் வந்தது, சிரிப்பு வந்தது, டக் என்றது. குரல் நிற்கவில்லை.

"காற்று மாறிப்போச்சு அம்மா. தண்ணி உள்ள ஏறுது. இப்போ முட்டு வரை உண்டு."

பதற்றமில்லாத குரல். சோறு குழைந்ததைச் சொன்ன அதே குரல். இப்போ இடுப்பு வரை. இப்போ நெஞ்சு. பாட்டு அதன்மேல் கத்திக்கொண்டே இருந்தது.

மெல்பின் ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தான். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. உங்கள் மகனின் குரல்மேல் பாட்டுப் பதிந்தது நான்தான் என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். அவள் அடிக்கட்டும், மாரிலடித்து அழட்டும், அதோடு இது விட்டுப்போகும். கேசட்டை அங்கேயே விட்டுவிட்டு, ரெஜித் பின்னால் கூப்பிடக் கூப்பிடப் போய் பஸ் ஏறினான்.

பஸ்ஸுக்குள் ஈரத் துணியும் டீசலும் மீன்கூடையும் கலந்து மணத்தன. கண்ணாடியில் வழிந்த மழைக்கு அப்பால் தென்னந்தோப்புகள் இருண்டு இருண்டு பின்னால் போயின. வைப்பர் ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் அடியில் ஒரு முணுமுணுப்பு இருப்பதாகத் தோன்றியது. இருந்திருக்காது. பொழியூரில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. போன மாசம் கடல் தின்ற மூன்று வீடுகளின் அஸ்திவாரம் மட்டும் மணலில் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அவன் வீடு.

கடல் சத்தம் குறைவாக இருந்தது. இந்த மாசத்தில் அது வழக்கமில்லை.

வாசலுக்கு வரும்போதே பாட்டுக் கேட்டது. ஆர்கன். பெண்குரல். புதிய ஆல்பம். அவனுக்கு மூச்சு திரும்பியது. அந்த ஆல்பத்தில்தான் ஒன்றுமில்லையே. பிறகு யோசித்தான். யார் போட்டது?

அம்மா தரையில் உட்கார்ந்து ஒரு அட்டைப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வளைகுடாவுக்குப் போகிறவர் கையில் கொடுத்தனுப்ப வீடுதோறும் கட்டுகிற பெட்டி. மீன் ஊறுகாய், வறுத்த மரச்சீனிக் கிழங்கு, இடுப்பில் உடுத்த மடித்த சாரம். பக்கத்தில் டேப் ஓடிக்கொண்டிருந்தது.

"நனைஞ்சியா மக்கா?"

"இதை யாரு போட்டது?"

"நான்தான். பழசை நீ எடுத்துட்டுப் போயிட்டியே. இதும் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. பழசுல ஒரே இரைச்சல், அடியில பெறக்கிப் பெறக்கித்தான் கேக்கணும். இதுல அவன் தெளிவாட்டுப் பேசுதான்."

மெல்பின் டேப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான்.

"அம்மா, அந்தக் கேசட்டு… அண்ணன் பேசினதுக்க மேல நான்தான்…"

"தெரியும். முப்பதாம் நாள் நீ போட்டப்போ அடுக்களையில நின்னு கேட்டேன். அதுக்குப் பொறவு நீ வேலைக்குப் போனா நான் கேப்பேன்."

"அது பாட்டாக்கும் அம்மா. வெளிநாட்டுப் பாட்டு."

"பாட்டு மேல. அவன் அடியில."

ஆர்கன் மெல்ல இறங்கியது. பெண்குரல் தேய்ந்தது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கிற சுத்தமான அமைதி வந்தது. அதற்குள்ளிருந்து அண்ணன் பேசினான். கிட்டத்தில். ஈரமாக.

"கெட்டியாச்சா அம்மா?"

"கெட்டிக்கிட்டு இருக்கேன் மக்கா."

"பச்சைக் கயிறு வேண்டாம். அது இத்துப்போச்சு. நீலம் போதும்."

அம்மாவின் கையில் பச்சைக் கயிறு இருந்தது. அவள் அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு நீலத்தை எடுத்தாள்.

மெல்பின் பாய்ந்து பொத்தானை அமுக்கினான். சக்கரங்கள் நின்றன. அடுத்த பாட்டின் முதல் முரசு பாதியில் அறுந்தது. முணுமுணுப்பு நிற்கவில்லை. ஸ்பீக்கருக்குள் தண்ணீர் அசைந்தது. மூச்சு. தண்ணீர். மூச்சு.

"அங்க தண்ணிக்குள்ள அவன் தனியாக்கும்," என்றாள் அம்மா, முடிச்சைப் பல்லால் இறுக்கியபடி. "ரெண்டு வருசமாட்டு உன்னை அனுப்பச் சொல்லிக் கேக்கான். நான்தான் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு தள்ளிக்கிட்டு வந்தேன். அவனுக்கும் கோவம் வருது. நீயும் இங்க இருந்து என்ன மக்கா? சிரிச்சியா, அழுதியா? நீ இங்க இல்லியே."

இல்லை என்று சொல்ல வேண்டும். நான் இங்கேதான் இருக்கிறேன் அம்மா. வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. ஓட வேண்டும். பின்வாசல் திறந்திருந்தது. முன்வாசலும். இரண்டு வழியாகவும் அலை கேட்கவில்லை. ஒரு அலைகூட.

பெட்டி அவன் கையில் இருந்தது. எப்போது வாங்கினான்? கனக்கவில்லை. கயிறு உறுத்தவில்லை.

"மெல்பினுக்க செருப்பைக் கழத்திருங்கோ அம்மா," என்றது ஸ்பீக்கர். "ரப்பர் மெதக்கும்."

அப்போதுதான் கீழே பார்த்தான். செருப்போடு வீட்டுக்குள் வந்திருந்தான்.

அம்மா குனிந்து அவன் கணுக்காலைப் பிடித்தாள். அவள் கை சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா, அவனுக்குத் தெரியவில்லை. இடது செருப்பைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். வலது காலை அவனே தூக்கிக் கொடுத்தான்.