நிறைந்துகொண்டே போகும் மெமரி

எல்லாவற்றையும் மூடிய பிறகும் கம்ப்யூட்டரின் விசிறி இரைந்துகொண்டே இருந்தது. பிரீனாவுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. காலையில் நடந்த ஞானபாயின் அடக்க ஆராதனை வீடியோவை இன்றே குவைத்துக்கு அனுப்பியாக வேண்டும். லீவு கிடைக்காத மகன் ஜெபிஷ், அம்மாவின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க அங்கே காத்துக் கிடக்கிறான். இங்கே வீடியோ பாதி வழியில் நின்று நின்று உயிரை வாங்குகிறது.

சாயங்கால மழை ஓட்டிலும் வாழையிலைகளிலும் ஒரே சீராக அடித்து, ஈர மண்ணின் வாசனையை ஜன்னல் வழியே ஸ்டூடியோ அறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தது. கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து ‘ஃப்ரீ’ என்று அடித்தாள். மெமரியில் துளிகூட மிச்சமில்லை. எது தின்கிறது என்று ‘டாப்’ அடித்துப் பார்த்தாள். ஒலிப்பதிவு புரோகிராம். ‘கில்’ அடித்தாள். போனது, அடுத்த நொடியே மறுபடி வந்து நின்றது. இன்னொரு தடவை அடித்தாள். மறுபடியும் வந்தது. சனியன்!

களியக்காவிளையில் கல்யாண வீட்டுக்கு வீடியோ எடுக்கப் போயிருந்த கணவன் ஷிபினுக்கு போன் போட்டாள்.

“ரெக்கார்டிங்கு நிக்கவே மாட்டேங்கு. என்னத்த செய்து வச்சிருக்கிய?”

“காலர் மைக்குல சத்தம் வந்தா அது தானா ஓடும். மைக்க அணைச்சிரு.”

“மைக்கு எங்க?”

ஷிபின் குரலைத் தாழ்த்தினான்.

“ஜெபிஷுக்கு ஜெபம் நல்லா கேக்கணும்னு சவப்பெட்டிக்குள்ள, சேவந்தி மாலையில சொருவுனேன். ஏட்டி... எடுக்க மறந்துட்டேன்.”

“அப்பம் குழிக்குள்ளயா கெடக்கு?”

“அங்கேருந்து எப்படிட்டி எட்டும்? ஒரு ரூம் தூரந்தான் அது எடுக்கும்.”

லைன் அறுந்தது.

கம்ப்யூட்டரில் செருகியிருந்த மைக் ரிசீவரைப் பிடுங்கக் கை நீட்டியவள், என்னதான் பதிவாகிறது என்று ஹெட்போனை மாட்டினாள். மழை. ஓட்டில் அடிக்கும் மழை. ‘கில்’ அடித்தாள். ஒவ்வொரு எழுத்துக்கும் காதுக்குள் ஒரு டக்.

அவளுடைய கீபோர்டு.

கையை எடுத்தாள். டக் நின்றது. மூச்சு மட்டும் கேட்டது. தன் மூச்சை அடக்கினாள்.

மூச்சு நிற்கவில்லை.

மண் வாசனை இப்போது முதுகுப் பக்கமிருந்து வந்தது. வாடிய சேவந்தியும் கலந்து.

காதோடு, தேய்ந்த குரல்.

“ஜெபிஷே... வந்தியா மக்கா?”

பிரீனா திரும்பவில்லை. கறுப்புத் திரையில் அவள் முகம் தெரிந்தது. அவள் தோளுக்கு மேலே, மெல்லக் குனிந்து வந்தது ஒரு வெள்ளை மாலை. அதற்குள் மைக்கின் பச்சை வெளிச்சம்.