நைலான் முடி

கருமாதி முடிந்த மறுவாரம், பிரிக்ஃபீல்ட்ஸில் மாடியிலிருந்த தன் கடையை லோகேஸ்வரி திறந்தாள். நாடகத்துக்கும் நடனத்துக்கும் உடையும் விக்கும் வாடகைக்குக் கொடுக்கும் கடை. பூட்டிக் கிடந்த அறையில் பூஞ்சை வாடை. மகள் மலர்விழி போனதிலிருந்து அவளுக்கு அழுகையே வரவில்லை. உடம்பும் மனசும் மரத்துப் போயிருந்தன. வாயில் போட்ட சோறு சுடுகிறதா, ஆறிவிட்டதா என்பதுகூடத் தெரியவில்லை.

முதல் ஆளாகக் கிள்ளானிலிருந்து நடன ஆசிரியை மாதவி வந்தாள். ராணி வேடத்துக்கு இடுப்புவரை நீளும் விக் வேண்டுமாம். அந்த நீளத்தில் ஒன்றுதான் இருந்தது. சிகிச்சையில் முடி கொட்டியபின் மலர்விழி கடைசிவரை போட்டிருந்த நைலான் விக். அதையும் அம்மாதான் வாரிவிட வேண்டும். வாரும்போதே தலையைப் பின்னால் சாய்த்து அம்மா வயிற்றில் வைத்துக்கொள்வாள். இப்போது அது அலசி உலர்த்தப்பட்டு, மேசையோடு திருகாணியால் இறுக்கிய மரத்தலையில் இருந்தது. கொடுத்துவிடலாம் என்றே லோகேஸ்வரி நினைத்தாள். வைத்திருந்து என்ன ஆகப்போகிறது?

தலையில் வைத்துப் பார்த்த மாதவி சட்டென்று எடுத்துவிட்டாள்.

"இப்பதான் யாராச்சும் கழட்டி வச்சாங்களா அக்கா? உள்ள சூடா இருக்கு லா."

வெயில், அதுவும் மேல்மாடி என்று லோகேஸ்வரி சமாளித்தாள். நுனியைச் சுருட்டச் சூட்டுக்கம்பி வைக்கலாமா என்று மாதவி கேட்டாள். நைலான் உருகிவிடும் என்று காட்ட, ஓர் இழையை வெட்டி லைட்டரில் பிடித்தாள் லோகேஸ்வரி. சுருண்டு பிளாஸ்டிக் உருண்டையாக வேண்டிய இழை.

பொசுங்கியது.

விரலில் சாம்பல். அறையெங்கும் முடி கருகிய நாற்றம்.

மாதவிக்கு ஒரே சந்தோஷம். அசல் முடிதானே, வாரி வையுங்கள், காரை ஓரங்கட்டிவிட்டு வருகிறேன் என்று படியிறங்கினாள்.

லோகேஸ்வரி அதை மரத்தலையில் மாட்டிச் சீப்பை எடுத்தாள். விக்கை நுனியிலிருந்துதான் சிக்கெடுக்க வேண்டும். அவள் ஏதோ நினைவில் உச்சியிலிருந்து இழுத்துவிட்டாள்.

"மெதுவாம்மா."

சீப்பு நின்றது.

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது. லோகேஸ்வரி போய்க் கதவைத் தாழிட்டாள்.

"அது கிழிஞ்சிருச்சும்மா. நீ வேற கடை பாரு," என்று உள்ளிருந்தே சொன்னாள்.

மாதவி கொஞ்ச நேரம் தட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

லோகேஸ்வரி மரத்தலைக்குப் பின்னால் வந்து நின்று, இம்முறை நுனியிலிருந்து வாரினாள். திருகாணி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் தலை மெல்லப் பின்னால் சாய்ந்து, அவள் வயிற்றில் படிந்தது.

சுட்டது.