ஒன்பதாவது வரி

மூன்று மணி வாக்கில் அவளுக்குக் காது அடைத்தது.

மலையிலிருந்து பஸ் வேகமாக இறங்கும்போது அடைக்குமே, அப்படி. ஆனால் அவள் உட்கார்ந்திருந்தது தொழிற்சாலை அலுவலகத்தின் தரைத்தளத்தில், நடைவழியின் கடைசி அறையில். ஜன்னலுக்கு வெடிச் சத்தத்துக்கும் அசையாத தடித்த கண்ணாடி; அது திறக்காது. உள்பக்கம் இழுத்துத் திறக்கும் இரும்புக் கதவு. அதன் நடுவே, வெளியே நிற்பவர் முகம் தெரியும் அளவுக்கு ஒரு சதுரக் கண்ணாடி. அவள் எச்சில் விழுங்கினாள். காது திறந்தது. இரண்டு நிமிடம் கழித்து மறுபடியும் அடைத்துக்கொண்டது.

எந்தக் கலன் எவ்வளவு அழுத்தம் தாங்கும், அதற்கு மேல் போனால் எந்தப் பாதுகாப்பு வால்வு திறந்து வெளியே விடவேண்டும் என்று கணக்குப் போடுவது அவள் வேலை. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட அவளைக் கணக்கு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

அரை மணி நேரத்துக்கு முன்னால் கணவன் போன் செய்திருந்தான். அதே தொழிற்சாலையில் அவன் கட்டுப்பாட்டு அறை ஆபரேட்டர்.

"ஏய் கணக்கு, சேதி தெரியுமா? சாயங்காலம் அஞ்சு மணிக்கு ரெண்டாவது யூனிட்டை நான்தான் கிளப்பப் போறேன்."

"உங்களுக்கு இன்னைக்கு லீவாச்சே?"

"இன்னைக்கு டூட்டி பெரியவருக்கு, அவருக்குக் காய்ச்சல்னு என்னைக் கூப்பிட்டாங்க. நிக்க முடியாம ஆடிக்கிட்டிருந்தாரு, பாவம். போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்னு அனுப்பிட்டேன். பயமா இல்லையான்னு கேட்டாரு. என் பொண்டாட்டி போட்ட கணக்குய்யா, வீட்டுல எனக்கு ஒரு நாள் விட்டுக் கொடுத்திருக்காளான்னு கேளுங்க, கணக்குல விடுவாளான்னேன்."

அவன் சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். போனை வைத்த பிறகு கை வெகுநேரம் அதன் மேலேயே இருந்தது.

இரண்டாவது யூனிட்டின் கலனுக்கான தாளில் அவள் காலையில்தான் கையெழுத்துப் போட்டிருந்தாள். என்னென்ன கெட்டால் அழுத்தம் ஏறும் என்று வரிசையாகப் பன்னிரண்டு வரிகள். ஒன்பதாவது வரி, நீராவி வால்வு முழுதாகத் திறந்துகொள்வதும் வெளியேறும் வால்வு மூடிக்கொள்வதும் ஒரே சமயத்தில் நடந்தால் என்பது. அந்த வரியின் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் அவள் கையெழுத்தில்: 'சம்பந்தமில்லாத இரண்டு கோளாறுகள் ஒன்றாக வருவதில்லை. கணக்கில் சேர்க்கவில்லை.' அவள் தொழிலில் அது ஒப்புக்கொண்ட விதி. அந்த விதிப்படி ஒரு கோளாறுக்குப் போதுமான சின்னப் பாதுகாப்பு வால்வையே கலனின் தலையில் வைத்தார்கள்.

இதே கலன், இதே தாள், முதல் யூனிட்டிலும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கிளம்பும் நேரம், அந்த யூனிட்டின் வால்வுகளைப் பார்த்துக்கொள்ளும் ரேடியோ அண்ணன் இந்தக் கதவருகே வந்து நின்றார். எந்நேரமும் வாய்க்குள் ஏதாவது மெட்டு முனகிக்கொண்டே இருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

"ஒரு நிமிஷம்மா. அந்த ஒன்பதாவது வரியில இருக்கிற ரெண்டு வால்வையும் அசைக்கிற காத்து ஒரே குழாய்லேர்ந்துதான் வருது. காத்து நின்னுதுன்னா ரெண்டும் ஒண்ணாத்தானே போகும்?"

"நாளைக்குப் பேசலாம்ணே. வண்டி போயிடும்."

"சரிம்மா. பாத்துப் போ."

ஒரு மனிதரை நிற்கவைத்து ஒரு நிமிடம் கேட்பது பெரிய தர்மம் ஒன்றும் இல்லை. அதற்குக் கைக்காசு வேண்டாம், படிப்பு வேண்டாம். அந்த மிகச் சின்னதைத்தான் அவள் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. பதினோராம் நாள் காற்று நின்றது. முதல் யூனிட்டின் கலன் கிழிந்தது. அதன் எதிரே நின்றிருந்தவர் ரேடியோ அண்ணன் ஒருவர்தான்.

பாதுகாப்பு வால்வு துருப்பிடித்துச் சிக்கிக்கொண்டது என்று விசாரணையில் எழுதினார்கள். அவள் வாய் திறக்கவில்லை. சாவு வீட்டில் அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், அப்போதும் திறக்கவில்லை. இன்று காலை அதே கோட்டுடன் அதே தாளில் கையெழுத்துப் போட்டபோது, கட்டுப்பாட்டு அறையில் உட்காரப்போவது பெரியவர் என்று நினைத்திருந்தாள். அப்படி நினைத்துத்தான் போட்டாள் என்பது இப்போது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மேஜை மேலிருந்த காலித் தண்ணீர் பாட்டில் டக்கென்றது.

மூடி இறுக்கியிருந்த பாட்டில். அதன் வயிற்றில் ஒரு குழி விழுந்திருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கத்திலும் ஒரு குழி விழுந்தது, கண்ணுக்குத் தெரியாத இரண்டு விரல்கள் நிதானமாக அழுத்துவது போல.

ஏ.சி. துவாரத்தில் கட்டியிருந்த ரிப்பன் எப்போதும் படபடக்கும். இப்போது அது நேராகத் தொங்கியது. காற்று உள்ளே வரவில்லை. ஆனால் அறையில் காற்று ஏறிக்கொண்டிருந்தது. கூடவே ஒரு வாடை: நனைந்த நீராவி, சுட்ட இரும்பு, கருகிய வர்ணம். அந்தப் பதினோராம் நாள் சாயங்காலம் தொழிற்சாலை முழுவதும் அடித்த வாடை. சுவருக்குள்ளிருந்து, மிகத் தணிந்து, வாயை மூடிக்கொண்டு யாரோ முனகும் ஒலி.

எழுந்து போய்க் கதவை இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். கைப்பிடிதான் வழுக்கியது.

பூட்டவில்லை. பூட்டே இல்லை அந்தக் கதவுக்கு.

மனசு பழக்கத்தில் கணக்குப் போட்டது. கதவின் பரப்பு இரண்டு சதுர மீட்டர். அறையின் அழுத்தம் நூற்றில் ஒரு பங்கு ஏறினாலே இருநூறு கிலோ கதவை வெளிப்பக்கம் சாத்திப் பிடிக்கும். இரண்டு பங்கு என்றால் நானூறு. இந்த அறைக்குப் பாதுகாப்பு வால்வு கிடையாது. யார் வைப்பார்கள், ஒரு அலுவலக அறைக்கு?

மணி நான்கு பத்து.

"கடவுளே," என்றாள். குரல் பஞ்சுக்குள் பேசியது போல் கேட்டது. 'என்னை வெளியே விடு' என்று வேண்ட நினைத்தாள். வாயில் வந்தது வேறு. "அவரைக் காப்பாத்து."

போனை எடுத்தாள். சொன்னால் வேலை போகும். ஜெயில்கூட. ரேடியோ அண்ணன் மனைவியின் முகத்தில் விழிக்க முடியாது. கணவன் முகத்திலும்தான்.

"என்னம்மா? இங்க எல்லாரும் வரிசையா நிக்கறாங்க, சீக்கிரம் சொல்லு."

"நிறுத்துங்க. கிளப்பாதீங்க. அந்தக் கணக்கு தப்பு."

அவன் குரல் மாறியது. "இரு. உக்காந்துக்கறேன். முழுசா சொல்லு, அவசரப்படாத."

சொன்னாள். ஒன்பதாவது வரியை, ஒரே குழாயை, கைப்பையை. மூச்சு இழுக்க முடிந்தது. வெளியே விடத்தான் நெஞ்சைத் தள்ள வேண்டியிருந்தது.

நாற்காலி பின்னால் நகரும் சத்தம் கேட்டது.

"ரேடியோ அண்ணன் உன்கிட்ட வந்து சொன்னாரா?"

"சொன்னாரு."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி." திட்டவில்லை. அதுதான் அவளை உடைத்தது. பிறகு அவன் வேறு பக்கம் திரும்பிச் சத்தம் போடுவது கேட்டது. "நீராவியை மூடுங்கப்பா! எல்லாரும் வெளிய வாங்க. ஆமா, எல்லாரும்!" மறுபடி அவளிடம்: "நீ அழாத. அங்கேயே இரு. நான் வரேன்."

அத்தனை பேரும் பிழைத்தார்கள். அவனும் பிழைத்தான். அவள் தரையில் சரிந்து, கும்பிட்டாள். இனி இறங்கும் என்று காத்திருந்தாள்.

இறங்கவில்லை.

பாட்டில் தட்டையானது. மேஜையின் இழுப்பறை முறுக்கிக்கொண்டு கிறீச்சிட்டது. இரண்டு காதிலும் ஊசி. முனகல் இப்போது சுவரில் இல்லை. அறையில். அவளுக்கும் கதவுக்கும் நடுவில்.

அப்போதுதான் சதுரக் கண்ணாடியைப் பார்த்தாள்.

அது வெளிப்பக்கம் புடைத்திருந்தது. எது மெலிந்ததோ அதுதான் முதலில் போகும். அவள் தினமும் எழுதும் பாடம்.

நடைவழியில் அவன் ஓடி வந்தான். முகம் வேர்த்திருந்தது. அவளைப் பார்த்ததும், பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினான்.

"தள்ளிப் போங்க!"

அவன் அவள் உதட்டைப் பார்த்தான். புரியவில்லை. கதவைத் தோளால் தள்ளினான்.

"தள்ளிப் போங்க! கண்ணாடி! போங்க!"

கைகளை ஆட்டினாள். அவன் கண்ணாடி ஓரத்தில் முகத்தை வைத்தான். அவன் வாய் அசைந்தது. கேக்கலம்மா.

அவள் அலறினாள். தொண்டையிலிருந்து சத்தம் வெளியேறவில்லை.

அவன் பொறுமையாக இரண்டு கைகளையும் கண்ணாடிக்கு இருபுறமும் ஊன்றினான். கண்ணை மூடிக்கொண்டான். அவள் சொல்வது ஒரு சொல்லும் விட்டுப்போகக் கூடாது என்பது போல, புடைத்து நின்ற கண்ணாடியில் காதை அழுத்தி வைத்தான். அதன் நான்கு மூலைகளிலிருந்தும் மயிரிழை போன்ற வெள்ளைக் கோடுகள் அவன் கன்னத்தை நோக்கி நடக்கத் தொடங்கின.