குட்டியின் பாஸ்போர்ட்

"எங்க வெச்சிருக்கீங்க அண்ணி? இப்ப சொல்லப் போறீங்களா, இல்லையா!"

அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே அன்று வீடு இரண்டுபட்டது. கூடத்தில் பெட்டி திறந்து கிடக்க, மடித்து வைத்த துணியெல்லாம் தரையில் இறைந்திருந்தது. விமானத்துக்கு நேரமாகிறது, பாஸ்போர்ட்டைக் காணோம். முப்பதைத் தாண்டியும் இந்த வீட்டுக்குக் குட்டியாகவே இருக்கும் நாத்தனார், அழுது அழுது மூக்கு சிவந்து நின்றாள்.

"எடுத்தது நான்தான். ஒளிச்சு வெச்சதும் நான்தான்" என்றாள் மூத்த மருமகள்.

பெரியவள் என்றுதான் அவளைக் கூப்பிடுவார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துக் குடும்பத்தை ஓட்டுகிறவள். யார் என்ன சொன்னாலும் வாயைத் திறக்காதவள். அவளா இப்படி!

அந்த வீட்டில் ஒரு நோய் உண்டு. அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. வெறும் 'அது' என்பார்கள். மாமனாரைக் கொண்டுபோனது அது. இப்போது பெரியவளின் கணவனைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருப்பதும் அது. முதலில் கையிலிருந்து பொருள் நழுவும். பிறகு கைகால் சொன்ன பேச்சைக் கேட்காது, நாக்கும் குழறும். அதனால் அங்கே யார் கையிலிருந்து எது விழுந்தாலும் எல்லோரும் அப்படியே உறைந்துபோவார்கள். போன வருஷம் குட்டியின் கையிலிருந்து அடுத்தடுத்து இரண்டு கோப்பைகள் விழுந்தன. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அத்துடன் தீர்ப்பாகிவிட்டது. ஒரு ரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாம் என்று ஒருவரும் மூச்சு விடவில்லை.

குட்டிக்குக் குழந்தை வேண்டும். அதற்கு 'அது' வரக் கூடாது. வெளிநாட்டில் ஒரு மருத்துவமனை, மற்ற இடங்களில் சட்டம் விடாததைச் செய்து தருவதாகச் சொன்னது. அவளும் அவள் கணவனும் அங்கே உறைய வைத்திருக்கும் கருக்களில், நோயைத் தரும் மரபணுவை வெட்டித் திருத்தி, அதற்குப் பிறகு வயிற்றில் வைப்பார்களாம்.

"எம் பொண்ணு வாழ்க்கையில மண்ணை அள்ளிப் போடறியேடி!" மாமியார் பாய்ந்து வந்தார். "உன் வயித்துலதான் ஒண்ணும் தங்கல. இவ வயித்துலயும் தங்கக் கூடாதுன்னு பாக்கறியா? மலடிக்குப் பொறாமையைத் தவிர வேற என்ன தெரியும்!"

பெரியவள் பின்வாங்கி, சக்கர நாற்காலியிலிருந்த கணவனின் பக்கம் போய் நின்றாள்.

"அம்மா... போதும்!"

நாற்காலியிலிருந்து குழறிய குரல். ஒவ்வொரு சொல்லையும் இழுத்துப் பிடித்துத்தான் அவனால் பேச முடிந்தது.

"குழந்தை... வேணாம்னு சொன்னது நான். கல்யாணமான மறுவருஷமே... டெஸ்ட் எடுத்துட்டேன். எனக்கு இருக்குன்னு தெரியும். உங்கிட்ட சொன்னா... நீ தாங்க மாட்டியேன்னு... இவதான் பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டா."

மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க நீங்க... சொல்ல மாட்டேன்னு சொன்னீங்களே!" பெரியவள் முகத்தை மூடிக்கொண்டாள். இவ்வளவு வருஷமாகக் காத்த ரகசியம் போனதில் அவளுக்கு அழுகைதான் வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"கேளு குட்டி. உங்கண்ணனைப் பாக்கற நரம்பு டாக்டர்கிட்ட எல்லாத்தையும் கேட்டேன். வெட்டணும்னு நினைச்ச இடத்துல மட்டும்தான் வெட்டு விழும்னு யாராலயும் சத்தியம் பண்ண முடியாதாம். வேற எங்கயாவது விழுந்தா, புள்ளை வளர்ந்தப்புறம்தான் தெரியும். அதோடயும் நிக்காது. அது பெத்துக்கற புள்ளைக்கும் போகும். அதுங்க யாரும் நம்மகிட்ட சரின்னு சொல்லலியே..."

"அப்ப 'அது' வந்தா பரவாயில்லயா அண்ணி?"

"ஐயோ, அப்படிச் சொல்வேனா! உங்கப்பாகிட்டேருந்து உனக்கு வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். சரிபாதி வாய்ப்புதான். வந்திருந்தாலும், கருவைச் சோதிச்சு நோய் இல்லாததா பாத்து வெச்சுக்கலாமாம். வெட்டவே வேணாம். முதல்ல உனக்கு இருக்கான்னு பாத்தாங்களான்னு டாக்டர் கேட்டார். பாத்தாங்களா குட்டி?"

"இருக்குன்னு நான்தான் சொன்னேன்... அந்த ஆஸ்பத்திரியில அதுக்கு மேல கேக்கல." குட்டி விம்மினாள். "பாக்கப் பயமா இருக்கு அண்ணி. இருக்குன்னு சொல்லிட்டா அப்புறம் எப்படித் தூங்குவேன்?"

"தெரிஞ்சுக்காம இருக்கறது உன் இஷ்டம்மா. ஆனா உன் பயத்துக்காக அந்தப் புள்ளை மேல கத்தி வைக்காத. டெஸ்ட்டுக்கு வா, நானும் உங்கூட வரேன். அப்பவும் போகணும்னா, பாஸ்போர்ட்டை நானே உன் கையில தரேன்."

குட்டி எழுந்து, இறைந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.

பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த வாரங்களில் அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு மதியம், டாக்டர் அறைக்கு வெளியே வரிசை நாற்காலிகளில் பெரியவள் காத்திருக்கும்போது கதவு திறந்தது. குட்டி வந்தாள்.

"இல்லையாம் அண்ணி... எனக்கு 'அது' இல்லவே இல்லையாம்!"

"என்னடி சொல்ற!"

"எங்கிட்ட இல்லாததை என் புள்ளைக்கு எப்படிக் கொடுப்பேன்னு டாக்டர் சிரிக்கறார். நோயே இல்லாத கருவை வெட்டப் போனேனே! உங்களை என்னென்ன பேசினேன்!"

அண்ணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் கதறிய கதறலில் காத்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏதோ துக்கச் செய்தி என்று நினைத்து ஒருவர் எழுந்து நாற்காலி கூடக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் இருவருக்கும் அழுகைக்கு நடுவே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

வீட்டில் விஷயத்தைக் கேட்ட மாமியார் மகளை உச்சிமுகர்ந்தார். ஆனால் மருமகளின் முகத்தைப் பார்க்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

பெரியவள் கைகழுவிவிட்டு, கணவனுக்கு ஊட்டத் தட்டை எடுத்தாள். அவன் தங்கையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் அப்படிச் சிரித்துப் பல நாளாயிற்று. மாமனாருக்கு ஊட்டிய அதே கையால் மகனுக்கும் ஊட்டத் தன்னால் ஆகாது என்று, மாமியார் இதுவரை அவன் சாப்பிடும் வேளையில் அந்தப் பக்கமே வந்ததில்லை. இன்று வந்தார். மருமகளின் கையிலிருந்த தட்டை வாங்கினார்.

"என்னை மன்னிச்சிடு தாயி... நீ உக்காந்து சூடா சாப்பிடு. எம் புள்ளைக்கு நான் ஊட்டறேன்."